கோட்டை உச்சிக்குச் சக்கர நாற்காலி

எடின்பரோ கோட்டை எரிமலைப் பாறையின் உச்சியில் நிற்கிறது. செங்குத்தான ஏற்றம், தரையெங்கும் உருளைக்கல் பாவிய பாதை. சக்கர நாற்காலியில் வருபவரை அது உலுக்கி எடுத்துவிடும்.

ஆனாலும் அவர்கள் மேலே போகிறார்கள். நடக்கச் சிரமப்படுவோரை முகப்புத் திடலிலிருந்து உச்சிக்கு ஏற்றிச்செல்ல நிர்வாகம் தனி வண்டி ஓட்டுகிறது. உதவியாளருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கோட்டைக்கோ 1892 முதலே இழுவை ரயில் உண்டு.

பழைய கல்லைத் தொடக்கூடாது என்பார்கள். எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் வாசலை இடிக்கும்படி யாரும் கேட்கவில்லையே! ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலேயே 2020இல் புதிய மின்தூக்கி வந்துவிட்டது. எங்கே படி, எங்கே சரிவு, எந்தக் கூடத்துக்குள் நாற்காலி நுழையாது என்பதைப் பயணி வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே கோட்டை நிர்வாகங்கள் சொல்லிவிட வேண்டும். வண்டியோ மின்தூக்கியோ பழுதானால் அன்று காலையே அறிவிக்க வேண்டும்.