பாஸா, ஃபெயிலா?

அதிராம்பட்டினத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். அந்த ஊரில் விருந்து என்றால் சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம். தனி இலை என்றால் சோற்றை ஓரமாக ஒதுக்கித் தப்பித்துவிடலாம். சஹனில் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு மூன்று சாட்சிகள்!

பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். பிர்னியை ரசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

‘‘சுகரா தம்பி?’’

தலையாட்டினேன்.

‘‘எனக்கும்தான். இருபது வருசமா. ஆனா, இன்னைக்கு லீவு. நேத்துத்தான் டெஸ்ட் எடுத்தேன். நார்மல்!’’

பத்து நாளாக ராத்திரி சோறு கிடையாதாம். டீக்குச் சர்க்கரை இல்லையாம். ரெண்டு வேளை நடையாம். துபாயில் இருக்கும் மகன் மாசாமாசம் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வானாம். நம்பர் ஏறியிருந்தால் ஒரு வாரத்துக்குத் திட்டு.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் ‘விண்டோ டிரஸ்ஸிங்’. மார்ச் 31-ம் தேதி ஐந்தொகை அழகாகத் தெரிய வேண்டும் என்று கம்பெனிகள் ஜோடனை செய்யும். ஏப்ரல் 1-ம் தேதி பழைய குருடி கதவைத் திறடி!

சிரிக்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்ட், அன்று காலை கல்லாவில் இருந்த ரொக்கம். அவ்வளவுதான். ஹெச்பிஏ1சி என்கிற டெஸ்ட்தான் கடைசி இரண்டு மூன்று மாத சராசரியைச் சொல்லும். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரை பத்து நாள் பத்தியத்துக்கெல்லாம் அசைந்து கொடுத்துவிடாது.

ஆனால், என் கோபம் பெரியவர் மேல் இல்லை. அவரைக் காப்பியடிக்க வைத்தவர்கள் மேல். அதாவது, நம் மேல்.

ரத்தப் பரிசோதனையை நாம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஆக்கிவிட்டோம். பாஸா, ஃபெயிலா? ஒருமுறை ஒரு டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, ‘‘ஸ்வீட் சாப்பிட்டீங்களா?’’ என்றார். திருடனைப் போலீஸ் விசாரிக்கிற குரல். காய்ச்சல் வந்தாலும் சர்க்கரை ஏறும். தூக்கம் கெட்டாலும் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். வருஷம் ஆக ஆக கணையம் களைத்துப் போவதாலும் ஏறும். எல்லாப் பழியும் ஜாங்கிரி மேல்தானா?

பெரியவர் அப்புறம் சொன்னதுதான் முக்கியம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

‘‘நார்மலுக்கு வந்தா கை நடுங்குது தம்பி. வேர்க்குது. பசி பிடுங்குது. 250-ல இருந்தப்ப நல்லாத்தான் இருந்தேன்.’’

இது பொய்யில்லை. பல காலம் உயரத்திலேயே பழகிய உடம்பு, சட்டென்று சரியான அளவுக்கு இறங்கினால் ‘ஐயோ, குறைஞ்சுபோச்சு’ என்று அலறும். பழகச் சில வாரங்கள் ஆகும். ஆரோக்கியமே முதலில் நோய் மாதிரிதான் இருக்கும்! இன்னொன்றும் இருக்கலாம். சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் அதே அளவில் போட்டால், சர்க்கரை நிஜமாகவே 70-க்குக் கீழே போய்விடலாம். அது ஆபத்து. எது என்று தெரிய, நடுங்கும்போதே விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

‘‘டாக்டர்கிட்ட சொன்னீங்களா?’’

‘‘அவரு கேக்கலையே.’’

கேட்கவில்லை. மகனும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது நம்பரை.

எண் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கண், சிறுநீரகம், கால் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால், எல்லோருக்கும் ஒரே எண் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதய நோய் அபாயம் உள்ள 10,251 சர்க்கரை நோயாளிகளை வைத்து ‘அக்கார்ட்’ என்று ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். இன்று பலருக்கு 7-க்குக் கீழே போதும் என்கிறார்கள். வயதாகி, வேறு நோய்களும் சேர்ந்தவர்களுக்கு 8 வரைகூடப் பரவாயில்லை.

நார்மல் வந்ததும் ‘குணமாயிடுச்சு’ என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாத்திரை போட்டதால்தான் சார் நார்மல்! குடை பிடித்ததால் நனையவில்லை. அதற்காக நடு மழையில் குடையை மடக்குவீர்களா?

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இன்று ராத்திரி ஊருக்குப் போன் செய்யும்போது, ‘எவ்வளவு இருக்கு?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்று ஆரம்பியுங்கள். திட்டினால் பொய் வரும். கேட்டால்தான் நிஜம் வரும்.

கிளம்பும்போது, ‘‘துபாய்ல மகன் சௌக்கியமா?’’ என்று கேட்டேன்.

‘‘போன வருசம் அவனுக்கும் சுகர் வந்துருச்சு தம்பி. எவ்வளவுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்குறான்!’’