ஃபோர் வீல் டிராக்டர் எல்லோருக்கும் தேவையா?

டிராக்டர் ஷோரூமில் இப்போது கேட்கிற முதல் கேள்வி, "டூ வீலா, ஃபோர் வீலா?" என்பதுதான். பக்கத்து வயல்காரர் ஃபோர் வீல் எடுத்துவிட்டார் என்பதற்காகவே கடனைக் கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. ஒரே எச்.பி.யில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வித்தியாசம். அந்தப் பணம் திரும்பி வருமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

டூ வீல் டிராக்டரில் எடையில் பெரும்பகுதி பின் சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது. இழுப்பதும் அவைதான், முன் சக்கரம் வண்டியைத் திருப்ப மட்டுமே. காய்ந்த புஞ்சையில் கலப்பை ஓட்டவும், டிரெய்லர் இழுக்கவும் இதுவே போதும். சேற்றில்தான் சிக்கல். பின் சக்கரம் வழுக்கிச் சுற்றும், முன் சக்கரம் சேற்றை முட்டிக்கொண்டு நிற்கும், டீசல் மட்டும் எரியும். முன் அச்சுக்கும் விசை போனால் வழுக்கல் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். டெல்டா களிமண்ணில் சம்பா பருவம் முழுக்க வாடகைக்குச் சேற்றுழவு ஓட்டுபவர் ஃபோர் வீல் வாங்குவதில் தவறே இல்லை.

மற்றவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கூடுதல் விலை 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 8 வருடம் வைத்திருந்தால், வட்டியை விட்டுவிட்டாலும், வருடத்துக்கு 15,000 ரூபாய். வருடத்தில் 300 மணி நேரம் சேற்றில் ஓடினால் மணிக்கு 50 ரூபாய்தான் கூடுதல் செலவு. 50 மணி நேரமே ஓடினால் மணிக்கு 300 ரூபாய்! 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. சொந்த வயலுக்கு மட்டும் என்றால் 50 மணி நேரமே வராது. அவருக்கு வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகையோ, ஊரில் இருக்கும் வாடகை வண்டியோ போதும். டிராக்டரே தேவையா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

டூ வீல் வைத்திருப்பவர்கள் குறைந்த செலவில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பின் டயரில் தண்ணீர் ஏற்றுவது, வெயிட் மாட்டுவது, சேற்றுழவுக்குக் கேஜ் வீல் போடுவது. தேய்ந்த டயரை மாற்றாமல் "இழுவை இல்லை" என்று வண்டியையே மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வாங்கியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படிதான் அமைத்திருக்கிறார்கள். மண்ணில் அது நல்லது. தார் ரோட்டில் லீவரை எடுக்காமல் ஓட்டினால் முன் டயர் அநியாயமாகத் தேயும், கியருக்கும் அச்சுக்கும் கேடு. டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவையே போட வேண்டும். கையில் கிடைத்த அளவைப் போட்டால் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும்.

இன்னொன்று, துணிச்சல். நாலு சக்கரமும் இழுக்கிறதே என்று ஈரம் வற்றாத நிலத்தில் இறங்கினால் அடிமண் இறுகிப்போகும். நெல்லுக்குப் பிறகு உளுந்தோ பருத்தியோ போடுகிற வயலில் வேர் இறங்காமல் திணறும். மாட்டிக்கொண்டால், டூ வீலைவிட ஆழமாகப் போய்த்தான் மாட்டும்.

மாட்டிய வண்டியை எடுக்க, பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது உயிரை வாங்கும். சக்கரம் சுற்ற வழியில்லாதபோது வண்டியின் முன்பக்கம் தூக்கி, அப்படியே ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். நொடிப்பொழுதில் நடந்துவிடுவதால் குதிக்க நேரம் இருக்காது. கலப்பையைக் கழற்றிவிட்டு, இன்னொரு வண்டியை வைத்துத் தாழ்வான கொக்கியில் கட்டி மெதுவாக இழுப்பதுதான் வழி.

தோட்டக்காரர்களின் நிலைமை வேறு. தென்னை, கொய்யா, திராட்சை வரிசைக்குள் நுழையும் 20 முதல் 30 எச்.பி. சின்ன வண்டிக்கு எடை குறைவு என்பதால் ஃபோர் வீல் உண்மையிலேயே கைகொடுக்கும். மலைச்சரிவில் பாரத்தோடு இறங்கும்போது முன் சக்கரமும் பிடிமானம் தரும்.

எதை வாங்குவதானாலும் டெமோவை ஷோரூம் வாசலில் பார்க்க வேண்டாம். உங்கள் வயலில், தண்ணீர் கட்டிய மறுநாள், உங்கள் ரோட்டவேட்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதலில் லீவரை எடுத்துவிட்டு ஒரு சால், பிறகு போட்டு ஒரு சால்.