நடை தளரும்வரை காத்திருக்கலாமா?
தண்டுவடத்துக்குள்ளேயே வளரும் கட்டிகள் அரிதானவை. பெரியவர்களிடம் அவற்றில் அதிகம் காணப்படுவது எபெண்டிமோமா. அது பெரும்பாலும் மெதுவாக வளர்வதால், வெறும் முதுகுவலி என்று எண்ணித் தைலத்திலும் மாத்திரையிலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது; அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். முதுகுவலி என்று வருகிற எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை, பெரும்பாலான முதுகுவலி தானே சரியாகிவிடும். ஆனால் படுத்தால் கூடி உறக்கத்தைக் கெடுக்கும் வலி, செருப்பு நழுவுவதுகூடத் தெரியாதபடி மரத்துப்போகும் கால், சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று வந்தால் தாமதிக்கவே கூடாது. அறுவை சிகிச்சையால் கால் விளங்காமல் போகுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனாலும் நுண்ணோக்கியின் உதவியோடு எபெண்டிமோமாவைப் பெரும்பாலும் முழுமையாகவே எடுத்துவிட முடிகிறது. சிகிச்சைக்குப் பின் ஒருவர் எப்படி நடப்பார் என்பதை, அதற்கு முன் அவர் எப்படி நடந்தார் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.