தோம்பில் இருப்பவர்களும் நாவலில் இல்லாதவர்களும்

புலம்பெயர்ந்த நம்மவர் எழுதும் சரித்திரக் கதைகளில் குதிரைகள் அதிகம் ஓடுகின்றன. அரண்மனையில் சதி, உப்பரிகையில் இளவரசி. கல்கி 1950களின் தொடக்கத்தில் வாராவாரம் எழுதிய சோழநாட்டைக் கிளப்பி வந்து நல்லூரில் நட்டிருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால், "ஆதாரம் இல்லை, எல்லாம் எரிந்து போயிற்று" என்கிறார்கள். எரிந்தது உண்மை. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ். பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலைச் சோம்பலுக்குச் சாட்டாகக் காட்டுவதைத்தான் நாம் ஏற்கத் தயாராயில்லை.

கஷ்டம் இருக்கிறதுதான். யாழ்ப்பாண இராச்சியம் விழுந்தது 1619 இல். மயில்வாகனப் புலவர் வைபவமாலையை எழுதியது 1736 அளவில், அதுவும் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக. அதில் ஒரே சங்கிலிதான். 1544 இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்தவனும், 1619 இல் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டவனும் ஒரே ஆளென்றால் அவன் தொண்ணூறு தாண்டிய கிழவன்! குவேறோஸ் பாதிரியார் 1687 இல் முடித்த நூலோ வென்றவனின் பக்கத்து நூல். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

குசினியில் நிற்கிற எமக்கு இன்னொன்றும் கண்ணில் படும். பத்தாம் நூற்றாண்டுக் கதையில் செத்தல் மிளகாய் இடிக்கிறார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கேயரின் கப்பலோடு எங்கள் கடலுக்கு வந்தது. கூழுக்குப் போடுகிற மரவள்ளியும் அந்தப் பக்கத்துக் கிழங்குதான். அப்படியானால் அந்நாளில் கூழுக்கு உறைப்பு எது, மிளகா? இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் போக ஒரு கிழமை வேண்டும். வாள்சண்டை எழுத அரை மணித்தியாலம் போதும்.

ஒல்லாந்தக் கும்பனியின் கடதாசிகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெருந்தொகை இன்று இணையத்தில் படங்களாகவும் கிடக்கிறது. அந்நாட்டிலும் எம்மவர் கோப்பை கழுவுகிறார்கள். பழைய ஒல்லாந்தக் கையெழுத்து தலையிடிதான். ஆனால் பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டு ஓடிவந்த நாம், வதிவிட அனுமதிக்காக அந்நிய மொழிச் சட்டவரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தவர்களல்லவா?

அந்தக் காலத்துப் பதிவுகளில் இளவரசி இல்லை. யானை, சாயவேர், வரி, ஊழியம் இருக்கின்றன. நிலத்துக்கும் ஆளுக்கும் கணக்கு வைத்த தோம்புகள் இருக்கின்றன. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்மார் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், பள்ளர், நளவர் என்று சாதிப்பெயர் சொல்லியே இருக்கிறது. அடிமைப் பெண்ணின் பிள்ளை எவருக்குச் சொந்தம் என்ற கணக்கும் உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல்.

தேசவழமை எரிந்து போகவில்லை. அதைத் திறந்தால் எங்கள் பாட்டன்மார் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று தெரிந்துவிடும். குதிரை ஏறுவது அதனால்தான்.

திறந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. அங்கே முதலியார் பேசுகிறார், அதிகாரி எழுதுகிறார், அடிமைப் பெண் பேசுவதேயில்லை. பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோன அன்று அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத்தாளர்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவளுடைய சோற்றையும் கிணற்றையும் அறிந்துகொண்டு. இது எமக்கு விளங்காத விஷயமா? எமது அகதிக் கோப்பைப் பின்னாளில் எவராவது திறந்தால் என்ன கிடைக்கும்? மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் சொன்ன நாலு வரி, பிழையான பிறந்த திகதி, நம்பத்தகுந்ததல்ல என்று ஒரு முடிவு.

இலக்கியக் கூட்டங்களில் தம் சரித்திர நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் அரண்மனைக்குத் தண்ணீர் அள்ளியவளின் பெயர் என்ன?