எர்த் இல்லாத கையுறை

பெங்களூரு சிவாஜிநகர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் ரிப்பேர் கடைகளில் சாம்பல் நிறக் கையுறை மாட்டிய பையன்களைப் பார்க்க முடிகிறது. வரவேற்கத்தக்கதுதான். அந்தத் துணியில் மெல்லிய கருங்கோடுகள் ஓடும். நைலானோடு சேர்த்துப் பின்னிய கார்பன் இழைகள் அவை. சின்ன ஸ்க்ரூ நழுவாமல் இருக்க, சிலவற்றில் விரல் நுனிக்கு மட்டும் பாலியூரிதேன் பூச்சு உண்டு. உடம்பில் சேரும் ஸ்டாட்டிக், போர்டில் உள்ள ஐசி மீது சட்டென்று பாயாமல் மெல்ல வடிய வேண்டும். அதற்குத்தான் கார்பன்.

வடிந்து எங்கே போகும்? அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு கடையில் என் போனைத் திறந்துகொண்டிருந்தவரிடம், "பாய், ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டலையா?" என்று கேட்டேன். "அதான் கிளவுஸ் போட்டிருக்கேனே சார்" என்றார். ஸ்ட்ராப் இல்லாமல் இல்லை, மேசை விளக்கின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சுருள் வயரின் முனையில் இருந்த கிளிப் எதையும் கவ்வவில்லை.

கையுறையிலிருந்து தோலுக்கு, தோலிலிருந்து ஸ்ட்ராப்புக்கு, அங்கிருந்து எர்த்துக்கு என்று வழி முழுசாக இருந்தால்தான் பலன். ஸ்ட்ராப்பின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கும். அது ஐசிக்காக இல்லை, ஆளுக்காக. தப்பித்தவறி 230 வோல்ட் லைனில் கை பட்டாலும், அந்த வயர் வழியாக கால் மில்லிஆம்பியருக்கு மேல் மின்சாரம் போகவிடாது.

"எனக்கு ஷாக்கே அடிக்கலையே" என்பார்கள். ஸ்டாட்டிக் சுமார் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நம் விரலுக்கே உறைக்கும். சில ஐசிகளுக்கு 100 வோல்ட்கூட அதிகம். மாசி, பங்குனியில் பெங்களூரு காற்று காய்ந்து கிடக்கும்போது, பாலியெஸ்டர் சட்டையோடு நாற்காலியைவிட்டு எழுந்தாலே அதைவிடக் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அடிபட்ட ஐசி உடனே செத்தாலாவது விஷயம் புரியும். பல நேரம் அரைகுறையாக உயிர் பிழைத்து, டெலிவரி அன்று ஒழுங்காக வேலை செய்து, பத்துப் பதினைந்து நாளில் படுத்துவிடும். பழி ஸ்பேர் பார்ட்டின் தலையில் விழும்.

ஒழுங்காக நடக்கும் ஆலைகளில் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் சோதனைக் கருவியில் விரல் வைத்துப் பச்சை விளக்கு வாங்கிவிட்டுத்தான் மேசைக்குப் போக முடியும். ஆளும் ஸ்ட்ராப்பும் சேர்ந்து 35 மெகாஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. ஒண்டிக்கடையில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவாஜிநகரின் நிஜச் சிக்கல் கையுறையும் இல்லை, கருவியும் இல்லை. இங்குள்ள ரஸல் மார்க்கெட் 1927-இல் கட்டியது. அதைச் சுற்றியும் பழங்கட்டடங்கள்தான் நிறைய. த்ரீ பின் சாக்கெட்டில் எர்த் துளை இருக்கும், அதன் பின்னால் வயர் இருக்குமா என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

கடைக்காரர்களே, அடுத்த ஜோடி கையுறை வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.