நடைபாதையை ஆக்கிரமித்தவர் யார்?

மாநகராட்சிகளின் அகராதியில் ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல்லுக்குக் காய்கறிக் கூடை, தேநீர்த் தள்ளுவண்டி, செருப்புத் தைப்பவரின் பெட்டி என்றே பொருள். அதே நடைபாதையில் இரவும் பகலும் நிற்கும் கார் ஆக்கிரமிப்பு ஆவதில்லை. அது ‘வாகன நிறுத்தப் பிரச்சனை’ எனப்படுகிறது. வர்க்கம் மாறும்போது சொல்லும் மாறிவிடுகிறது.

சட்டத்தில் குழப்பமேதுமில்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் விதிகளும் நடைபாதையில் வாகனம் நிறுத்துவதைத் தடை செய்கின்றன. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமோ, கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் அகற்றலாகாது என்கிறது. சட்டம் தடுப்பது காரை; காப்பது வியாபாரியை. நடைமுறையோ தலைகீழ். காருக்கு எப்போதாவது ஓர் அபராதச் சீட்டு, வியாபாரிக்குப் புல்டோசர். 2022 ஏப்ரல் 20 அன்று தில்லி ஜஹாங்கீர்புரியில், உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பின்னரும் இடிப்பு தொடர்ந்ததை நாடே கண்டது.

‘கார் உரிமையாளர் சாலை வரி செலுத்துகிறாரே’ என்பர். அவ்வரி வாகனம் ஓட்டுவதற்கானது. பொது நிலத்தை இலவசக் கொட்டகையாக்குவதற்கானதன்று. ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடம், மும்பையில் ஒரு தொழிலாளர் குடும்பம் வாழும் குடிசைக்கு ஏறத்தாழ ஈடு. ‘வியாபாரிகளும் வழியை மறிக்கிறார்களே’ என்பர். அதை ஒழுங்கு செய்யத்தான், வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாத நகர விற்பனைக் குழுவைச் சட்டம் வகுத்துள்ளது.

இதற்கான விலையை மக்கள் உயிரால் தருகின்றனர். நடைபாதை அடைபட்டால் நடப்பவர் சாலையில்தான் இறங்க வேண்டும். 2022இல் மட்டும் நாட்டில் 32,825 பாதசாரிகள் சாலை விபத்துகளில் மாண்டதாக ஒன்றிய அரசின் அறிக்கையே கூறுகிறது.

நடைபாதை பாதசாரிகளுக்கே உரியது எனக் கூறித்தான் 1985இல், ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாயின் நடைபாதைவாசிகளை அகற்ற உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில் நடைபாதை உரிமையை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவில் அடங்கிய உரிமையென அறிவித்துள்ளது. வரவேற்போம், எனினும் விழிப்புடன் இருப்போம். இத்தீர்ப்பும் ஏழைகளுக்கு எதிரான ஆயுதமாக மாற்றப்படக்கூடும்.

எனவே ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற அறிவிப்பு எந்நகரில் வந்தாலும் நம் கிளைகள் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி: கார்களை அகற்றினீர்களா? இரண்டாவது கேள்வி: நகர விற்பனைக் குழு எப்போது கூடியது? பாதசாரியையும் வியாபாரியையும் எதிரெதிரே நிறுத்தும் சூழ்ச்சிக்கு இடம் தரலாகாது. அவ்விருவரும் ஒரே வர்க்கத்தினர். பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர்.