மாமனார் பெயரில் ஒரு மூளை சிகிச்சை மையம்: தரமணியில் டாக்டர் பி.ராமமூர்த்தியின் இரண்டாவது இன்னிங்ஸ்!

மத்திய கைலாஷில் திரும்பி ஓ.எம்.ஆருக்குள் நுழைந்தால், டைடல் பார்க் வட்டாரத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே மரங்கள் சூழ்ந்த பழைய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் யோசிப்பார். 'வி.ஹெச்.எஸ்.' என்றால் உடனே மீட்டரைத் தட்டுவார்... அல்லது ரேட் பேசுவார்!

அந்த வளாகத்தில் இயங்கும் மூளை, நரம்பியல் அறுவை சிகிச்சை மையத்தின் பெயர், டாக்டர் ஏ.லட்சுமிபதி மையம். யார் இந்த லட்சுமிபதி? பெரிய மூளை அறுவை சிகிச்சை நிபுணராக இருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், அவர் புகழ்பெற்றது ஆயுர்வேத மருத்துவராக!

மூளை ஆபரேஷன் மையத்துக்கு ஆயுர்வேத மருத்துவரின் பெயர் வந்த கதை, ஒரு மருமகனின் கதை. அந்த மருமகன், டாக்டர் பி.ராமமூர்த்தி. இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். ஜனவரி 30 அவருடைய பிறந்தநாள்.

ஸ்கேன் இல்லாத காலம்

1922-ல் சீர்காழியில் பிறந்தவர் ராமமூர்த்தி. தந்தையும் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தார். இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சி. 1950 அக்டோபரில் சென்ட்ரல் எதிரே இருக்கும் நம் ஜி.ஹெச்-சில் அந்தப் பிரிவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28.

அதற்கு முந்தைய வருடம்தான் வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, நாட்டிலேயே முதன்முறையாக இந்தத் துறையைத் தொடங்கியிருந்தார். அன்று ஒருவருக்கு மூளையில் கட்டி என்றால், குடும்பம் நம்பிக்கையைக் கைவிட்டுவிடும். கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இன்று தலைவலி என்றாலே ஸ்கேன் எடுக்கிறோம். உலகிலேயே முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971-ல்தான். அதுவரை மண்டை ஓட்டில் சின்ன துளை போட்டு, மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இல்லையென்றால் கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். நிழல் போலத் தெரியும் அந்தப் படத்தில், எது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கட்டியின் இடத்தைக் கணிக்க வேண்டும். கணக்கு தப்பினால் உயிர் தப்பாது.

வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு பிரச்னையும் இங்கே இருந்தது. காசநோய் நுரையீரலோடு நிற்காமல் மூளையிலும் கட்டியாக வளரும். நம் ஊர் ஏழைகளிடம் நிறைய பார்க்கப்பட்ட இந்தக் காசநோய்க் கட்டிகளைப் பற்றி ராமமூர்த்தி தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார்.

1951-ல் சாண்டி, பல்தேவ் சிங், எஸ்.டி.நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார். ஜி.ஹெச்-சில் நரம்பியல் நிலையம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான். நம் மாணவர்களுக்கு நம் அனுபவத்திலிருந்தே ஒரு பாடநூல் வேண்டும் என்று, டெல்லியின் டாக்டர் பி.என்.டாண்டனுடன் சேர்ந்து அதையும் தொகுத்தார்.

பெண் எடுத்த வீடு

ராமமூர்த்தியின் மனைவி இந்திராவும் மருத்துவர். இந்திராவின் அம்மா, ருக்மிணி லட்சுமிபதி. 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். 1946-ல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதாரத்துறையைக் கவனித்தவர். சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். எழும்பூரில் இன்றும் பலர் 'மார்ஷல்ஸ் ரோடு' என்றே சொல்லும் சாலைக்கு இவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

அப்பா, டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. அலோபதி படித்துப் பட்டம் வாங்கிய பிறகு ஆயுர்வேதத்துக்கு வந்தவர். 1962-ல் மறையும்வரை அதற்காகவே உழைத்தவர். மாமனார் ஆயுர்வேதம், மருமகன் ஆபரேஷன் தியேட்டர்! ஆனாலும், நம் மரபில் உண்மை இருந்தால் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் மருமகனுக்கும் இருந்தது. யோகா, தியானத்தின்போது மூளையில் என்ன நடக்கிறது, 'துரியம்' என்று நம் முன்னோர் சொன்ன நிலை எது என்றெல்லாம் பிற்காலத்தில் மருத்துவ இதழில் எழுதினார்.

55-க்குப் பிறகு...

1977-ல் ராமமூர்த்திக்கு 55 வயது. பேர், புகழ் எல்லாம் வந்துவிட்டது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் நேரத்தில், 1977-78-ல் தரமணி வி.ஹெச்.எஸ்-சில் மீண்டும் முதலிலிருந்து ஒரு மையத்தைத் தொடங்கினார்.

வி.ஹெச்.எஸ்., டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய தொண்டு அமைப்பு. குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்கு ஏற்ப வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டி மருத்துவ உதவி பெறலாம் என்பது அவர் கொண்டுவந்த திட்டம். 'மெடிக்கல் இன்ஷூரன்ஸ்' என்ற வார்த்தை நம் வீடுகளுக்குள் வருவதற்குப் பல காலம் முன்பே!

டைடல் பார்க் வந்தது 2000-ல். அதற்கு 20 வருடங்களுக்கும் முன்பு தரமணி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே போய் மூளை ஆபரேஷன் என்றால், துணிச்சல் மட்டும் போதாது. கருவி வேண்டும், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வேண்டும், ராத்திரி பகலாகக் கண்விழிக்கும் இளம் டாக்டர்கள் வேண்டும். 28 வயதில் செய்ததை 55-ல் திரும்பவும் செய்தார். சொந்தப் பெயரை வைத்துக்கொள்ளாத அந்த மையம், மாமனார் பெயரில் இயங்குகிறது.

மகன் ரவி ராமமூர்த்தியும் அப்பா வழியில் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். பத்மபூஷண் உள்ளிட்ட கௌரவங்கள் ராமமூர்த்தியைத் தேடி வந்தன. சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பு, 'அப்ஹில் ஆல் தி வே'. வழி முழுக்க மேடுதான் என்று அர்த்தம். 2003 டிசம்பர் 13-ம் தேதி, 81 வயதில் மறைந்தார்.

ஓ.எம்.ஆரில் பைக் விபத்து என்று ஒரு போன் வந்தால், எந்த வீடும் முதலில் கேட்பது, 'தலையில அடி இல்லையே?' என்றுதான். அடிபட்டிருந்தால் அடுத்த கேள்வி, 'எந்த ஆஸ்பத்திரி? எவ்வளவு ஆகும்?' பணம் இருப்பவருக்கு இன்று பதில்கள் நிறைய உண்டு. இல்லாதவருக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று நினைத்து, ஜி.ஹெச்-சில் ஒரு முறையும் தரமணியில் ஒரு முறையும் உழைத்தவர் ராமமூர்த்தி.

அடுத்த முறை அந்த சிக்னலில் நிற்கும்போது, ஒரு நிமிடம் அந்தப் பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாருங்கள்!